அடுத்த வீட்டில் கேட்டவர்

செத்து நூற்றைம்பது வருஷம் ஆன ஓர் அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், என்னைப் போன்ற சாதாரண ஜனங்கள் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தேடுவோம். எங்கள் ஆபீஸில் இருந்த பெரியவர் அப்படிச் செய்ய மாட்டார். அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கு ஏட்டைக் கம்ப்யூட்டர் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, முதலில் பக்கத்து வீட்டைப் படிப்பார். பிறகு அதற்கு அடுத்த வீடு. பிறகு இந்தப் பக்கத்து வீடு. கடைசியில், வேறு வழியில்லை என்பதுபோலச் சம்பந்தப்பட்ட வீட்டுக்கு வருவார்.

"ஆத்துக்காராளக் கேட்டா அவா சொல்றதுதான் கிடைக்கும். அடுத்தாத்துல கேட்டாத்தான் உள்ளது கிடைக்கும்" என்பார்.

மட்டாஞ்சேரியில் எங்கள் ஆபீஸ் கொச்சங்காடிப் பக்கம் ஒரு சுக்கு கோடவுனின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே எல்லோரும் தும்முவோம். வேலை இதுதான்: அமெரிக்காவில் யாருக்காவது தன் கொள்ளுத்தாத்தாவின் அப்பா யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தால், ஆர்டர் எங்களுக்கு வரும். அங்கே படமெடுத்து இணையத்தில் போட்டு வைத்திருக்கும் பழைய ஏடுகளை நாங்கள் இங்கே உட்கார்ந்து படித்து, வம்சத்தை வரிசையாக எழுதிக் கொடுப்போம். தன் பாட்டனார் பெயரைக் கேட்டால் முழிக்கிற எட்டுப் பேர், ஒஹையோவில் யாருக்கு யார் மச்சான் என்று மூச்சு விடாமல் சொல்லுவோம். இப்போது அந்தக் கையெழுத்தையெல்லாம் மெஷினே படித்துவிடுகிறதாம். ஆபீஸும் போய்விட்டது.

ஓனரும் மற்றவர்களும் அவரைச் சாமி என்று கூப்பிட்டார்கள். தமிழ் பேசுகிற பாலக்காட்டுக்காரர் யாராயிருந்தாலும் இந்த ஊரில் சாமிதான். அதில் தனி மரியாதை ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பமும் அந்த வகையே என்பதால் நான் மாமா என்றேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது இருக்கும். வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜெண்டின் ஆபீஸில் நாற்பது வருஷம் பழைய ஏடுகளோடு குடித்தனம் நடத்தியவர். சங்கிலி சங்கிலியாகப் பின்னிக் கிடக்கும் பழைய இங்கிலீஷ் கையெழுத்தைச் சினிமா போஸ்டர் படிப்பதுபோலப் படிப்பார். அதற்காகத்தான் ஓனர் அவரைக் கூட்டிவந்தார்.

ஆனால் அது அவருடைய உத்தியோகம் மட்டுமே. அவருடைய தொழில் வேறு. கொச்சியிலும் எர்ணாகுளத்திலும் நம் ஜனங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தால், நிச்சயம் பண்ணுவதற்கு முன்னால் எதிர்த்தரப்பைப் பற்றி ரகசியமாக விசாரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆள் அவர்தான். காலணா வாங்க மாட்டார். சேவை. இந்தச் சேவையால் எத்தனை கல்யாணம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. நடக்காமல் போனவற்றில் ஒன்றை மட்டும் நன்றாகத் தெரியும். அது என்னுடையது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் அவரைப் பற்றி எழுதுவதில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் அதற்குக் கோடவுன் சுக்கு காரணமில்லை.

எனக்கு இருபத்துமூன்று வயதில் எர்ணாகுளத்தில் ஒரு பையன் பார்த்தார்கள். வந்தார்கள், பார்த்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள். பையன் என்னிடம் தனியாகப் பத்து நிமிஷம் பேசினான், எனக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும் பிடித்திருந்தது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. பத்து நாள் கழித்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. இடையில் நின்ற தரகர் அம்மாவுக்கு வாயில் எதுவும் தங்காது என்பதால் காரணம் எங்களுக்கும் வந்து சேர்ந்தது. விசாரிக்கப் போனவர், அதாவது பின்னாளில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காரப் போகிறவர், இப்படிச் சொல்லியிருந்தார்: "அந்தாத்துல மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேர் இடலை. பொண்ணோட அப்பாவுக்கு அப்பா ஆருன்னு ஒருத்தருக்கும் தெரியலை."

நம்மவர்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூத்த பிள்ளைக்கு அவனுடைய அப்பாவின் அப்பா பெயரைத்தான் வைப்பார்கள். வீட்டில் வேறு என்ன செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டாலும், பூணூல் போடும்போதும் தாலி கட்டும்போதும் அந்தப் பெயர்தான் சொல்லப்படும். என் அண்ணனுக்கு அந்தப் பெயர் இல்லை. அப்பா வைக்க மாட்டேன் என்றுவிட்டார். ஏனென்றால் தாத்தா, கணவனை இழந்து வந்த தன் சொந்த மகளை வாசலோடு திருப்பி அனுப்பிய மனிதர். அப்பா அன்று தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொச்சிக்குப் பஸ் ஏறியவர், திரும்பிப் போகவில்லை. அந்தப் பெயரையும் வீட்டுக்குள் விடவில்லை.

இதை எங்கள் வீட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போம். அத்தையே சாயா போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்லியிருப்பாள். ஆனால் அவர்தான் வீட்டில் கேட்க மாட்டாரே. எங்கள் தெருமுனைச் சாயாக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தேப்புக்காரரிடம், அதாவது துணி தேய்க்கிறவரிடம், கால் மணி நேரம். பக்கத்து வீட்டு மாமியிடம் பத்து நிமிஷம். வேலை முடிந்தது.

பிறகு எனக்கு ஏனோ எதுவும் அமையவில்லை. ஒரு தடவை 'விசாரித்ததில் சரியில்லை' என்று பெயர் வந்துவிட்டால், அடுத்து வருகிறவர்கள் பஜ்ஜிகூடச் சாப்பிடாமல் போவார்கள். அப்பா இறக்கும்வரை, தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். என்னால் மன்னிக்க முடியாமல் போனது அந்த ஒன்றைத்தான்.

ஆக, நாற்பது வயதில் நான் அந்த ஆபீஸில் சேர்ந்த அன்று, இரண்டு நாற்காலி தள்ளி யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது என்று நினைத்தேன். எத்தனையோ வீடு, எத்தனையோ பெண். ஞாபகம் வைத்துக்கொள்ள அவர் என்ன கம்ப்யூட்டரா? எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவர் வாயால் ஒரு தடவை, தப்பு பண்ணிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். போன வயது திரும்பியா வரப்போகிறது.

அவரோ உலகத்தில் எதையும் நம்புவதில்லை என்ற விரதத்தில் இருந்தார். ஓனர் சேட்டன் தன் மகள் கிளாஸில் முதலாவதாக வந்தாள் என்று லட்டு கொண்டுவந்தார். மாமா லட்டை வாயில் போட்டுக்கொண்டு, "அது அவா சொல்றதாக்கும்" என்றார் என்னிடம் மெதுவாக. டாக்டர் பிரஷர் நார்மல் என்றபோது அந்த டாக்டரைப் பற்றி எதிரிலிருந்த மருந்துக்கடையில் விசாரித்தார். குக்கர் வாங்கப் போய், கடையில் ஒரு வார்த்தையும் கேட்காமல் அடுத்த கடையில் போய் இந்தக் கடைக் குக்கர் எப்படி என்று கேட்டார். அடுத்த கடைக்காரன் தன் குக்கரை விற்று அனுப்பினான். அது மூன்றாம் நாளே விசில் அடிக்க மறுத்தது. இந்தச் சங்கதியைச் சாயாக்கடைக்காரர் எனக்குச் சொன்னார்.

அவர் மனைவி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்று தேப்புக்காரர் சொன்னார். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், தன் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெண் வீட்டைச் சுற்றி விசாரித்த லட்சணத்தைப் பார்த்து அவரோடு பேசுவதில்லை என்று அதே தேப்புக்காரர் சொன்னார். எனக்கு அப்போது உள்ளூரக் குளிர்ச்சியாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அவருடைய வித்தை பலித்தது. ஒரு விதவை ஒரு கணக்கெடுப்பில் இருக்கிறாள், அடுத்ததில் இல்லை. நாங்கள் நாலு மாகாணம் தேடினோம். இவர் வந்து, "எங்க போயிருப்பா? அடுத்தாத்துல பாரு" என்றார். இரண்டு வீடு தள்ளி, மனைவியை இழந்த ஒரு விவசாயியின் புது மனைவியாக, ஐந்து குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஓனர் கைகூப்பினார். அன்றிலிருந்து சாமி தொட்டதற்கு மறுபேச்சு கிடையாது.

அப்போதுதான் அந்தக் கிளார்க் வந்து சேர்ந்தார்.

கவுண்டி என்பது அங்கே சின்ன ஜில்லா மாதிரி. அதன் கிளார்க் என்றால் நம் சப் ரிஜிஸ்திராரையும் தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க்கையும் ஒன்றாகப் பிசைந்த ஆள். கல்யாணம், நிலம், உயில் எல்லாம் அவர் கையால் ஏட்டில் ஏறினால்தான் செல்லும். சோளக்காட்டு நடுவில் இருந்த ஒரு கவுண்டியில் இருபது வருஷம் அந்த வேலை பார்த்தவரின் கொள்ளுப்பேத்தி எங்களுக்கு எழுதியிருந்தாள். எண்பத்துமூன்று வயது அம்மாள். பழைய கோர்ட் கட்டடத்தைப் புதுப்பித்து, கிளார்க்கின் படத்தை மாட்டப் போகிறார்கள். படத்துக்குக் கீழே நாலு வரி எழுத வேண்டும்: யார், எவர் மகன், எங்கிருந்து வந்தார். அவருடைய அப்பா பெயர் ஜோசையா என்று குடும்பத்தில் சொல்வார்கள். அதற்கு ஒரு தாளாவது கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தாள்.

தாள் இருந்தது. கிளார்க்கின் கல்யாணப் பதிவிலேயே அப்பா பெயர் ஜோசையா என்று அழகாக எழுதியிருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். மாமா திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

"இது ஆர் கையெழுத்து?"

"கிளார்க்கோடது."

"அவன் கல்யாணத்தை அவனே எழுதிண்டிருக்கான். பேனா அவன் கையிலாக்கும் இருந்துது. இது அவன் சொல்றது." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அடுத்தாத்துக்குப் போவோம்."

போனார். ஒரு வாரம் அந்தச் சாலையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பார்த்த ஏழு வீட்டிலும் மூத்த பையனுக்குத் தாத்தா பெயர். அவர் முகத்தில் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்த களை. கிளார்க் வீட்டில் மட்டும் மூத்தவன் பெயர் எட்வர்ட். அடுத்தவனும் ஜோசையா இல்லை, அதற்கடுத்தவனும் இல்லை. இதோடு நிற்காமல், அந்தக் கவுண்டியின் அநாதை இல்ல ஏட்டில் கிளார்க்கின் முதல் பெயரோடு, அதே வயதில் ஒரு குழந்தையையும் கண்டுபிடித்துவிட்டார்.

"அப்பன் பேர் உண்டாக்கின பேராக்கும். இவன் அநாதை" என்றார்.

"மாமா, மூத்தவனுக்குத் தாத்தா பேர் வைக்கணும்னு அங்க எல்லாரும் வெச்சிண்டிருக்காளா என்ன?"

"ஏழாத்துல பாத்தேனே. அப்பன்னு ஒருத்தன் இருந்தா அவன் பேரை எவனாவது விடுவானா?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விடுவான் மாமா, எங்கள் அப்பா விட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரிப்போர்ட்டைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. தேதிகளைச் சரிபார்ப்பதும் ஊகங்களைச் சரிபார்ப்பதும் அதில் சேர்ந்ததுதான். அன்று நான் தேதிகளை மட்டும் சரிபார்த்தேன். இவர் விழட்டும், விழுவதை நான் இங்கே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று நினைத்தேன். அந்த அம்மாளைப் பற்றி நினைக்கவே இல்லை. தகப்பனார் பெயர் தெரியவில்லை, அநாதை இல்லத்தில் வளர்ந்தவராக இருக்கலாம் என்று ரிப்போர்ட் போயிற்று.

இரண்டாம் நாள் பதில் வந்தது. கோபமில்லை. இதில் தனக்கு வெட்கம் ஒன்றுமில்லை என்றும், படத்துக்குக் கீழே எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் அந்த அம்மாள் எழுதியிருந்தாள். அறுபது வருஷமாகப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஜோசையாவின் கதையைச் சொல்லி வந்தாளாம். இனிமேல் அவர்களிடம் என்ன சொல்வது என்று மட்டும் தெரியவில்லையாம். நான் அதைப் படித்துவிட்டு மாமாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்க்க முடியவில்லை. எங்கள் அப்பாவுக்கு நடந்ததை நான் ஓர் எண்பத்துமூன்று வயதுக் கிழவிக்கு, தேதிகளைச் சரிபார்த்து, அனுப்பி வைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒரு மெயில். பக்கத்துக் கவுண்டி லைப்ரரியில் யாரோ நல்ல ஆத்மா ஓர் உயிலைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஜோசையாவின் உயில். சொல் கேட்காமல் வீட்டை விட்டுப் போய், இன்ன கவுண்டியில் கிளார்க்காக இருக்கிற மகனுக்கு ஒரு பிடி மண்கூட இல்லை என்று பெயர் ஊரோடு எழுதி வைத்திருந்தான் அந்த மனிதன். கிளார்க் மூத்தவனுக்கு ஏன் எட்வர்ட் என்று பெயர் வைத்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்த அம்மாள், உங்கள் தகவலுக்காக அனுப்பியிருக்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"சாமி, இது எந்தா இது?" என்று ஓனர் வந்து நின்றார். மாமா உயிலை மூன்று தடவை படித்தார். அந்த மத்தியானம் அவர் சோற்று டப்பாவைத் திறக்கவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்தார். கப்பல் ஆபீஸ் இங்கிலீஷ். 'தங்கள் மேலான சமூகத்துக்கு' என்கிற தோரணை. ஆனால் நடுவில் ஒரு வரி நேராக இருந்தது: நான் தப்பு செய்துவிட்டேன், தங்கள் கொள்ளுப்பாட்டனாரிடமும் தங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

சரிபார்க்க என்னிடம் நீட்டினார். நான் எதற்குக் காத்திருந்தேனோ அந்த வாக்கியம் என் கையில் இருந்தது. விலாசம்தான் வேறு. பார்த்தே இராத ஒரு துரைக்கு, அதுவும் செத்துப்போன துரைக்கு, மன்னிப்பு ஏழு கடல் தாண்டிப் போகிறது. எனக்கு நெஞ்சு எரிந்தது.

"மாமா, இதே தப்பை இதுக்கு முன்னாலயும் ஒரு தடவை பண்ணியிருக்கேள்" என்றேன்.

எங்கே, எப்போது, யாருக்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"உன் அப்பாவோட அப்பா பேரென்ன?"

இந்த ஒரு கேள்விக்கு எங்கள் வீட்டில் நாலு பேர் பதில் வைத்துக்கொண்டு இருந்தோம். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். அத்தை கதையைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். அது அவா சொல்றது என்று சொல்லவில்லை.

மறுநாள் அவர் ஆபீஸுக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார், குடையும் கையுமாக, நேராக என் மேஜைக்கு.

"எர்ணாகுளம் போயிருந்தேன். அவா ஆத்துக்கு."

எவா ஆத்துக்கு என்று எனக்குப் புரிந்தது. "எதுக்கு?"

"ரிப்போர்ட் தப்புன்னு சொல்லத்தான். பையனோட அம்மா மட்டும் இருக்கா. உள்ள கூப்பிட்டா. உக்காந்து எல்லாம் விஸ்தாரமா சொன்னேன். அந்தக் குடும்பத்துல ஒரு கொறையும் இல்லை, தப்பு என்னோடதுன்னேன்."

"என்ன சொன்னா?"

குடையை மேஜையில் சாய்த்து வைத்தார். "எந்தப் பொண்ணுன்னு கேட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருஷம் நான் சுமந்துகொண்டு திரிந்த ஒன்று, அந்த வீட்டில் பஜ்ஜித் தட்டு கழுவிய தண்ணீரோடு அன்றே போயிருக்கிறது.

"அவாளுக்கு ஞாபகமில்லை. எனக்கு இருந்துது" என்றார் அவர். "நீ இங்க சேர்ந்த அன்னிக்கே தெரியும், நீ ஆர்ன்னு."

"மூணு வருஷமாவா?"

"ஆமாம்."

"அப்ப ஏன் மாமா ஒரு வார்த்தை பேசலை?"

"நீ ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

சுடச்சுட ஒரு பதில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் மனைவி எப்போது போனாள், மகன் ஏன் பேசுவதில்லை, வீட்டில் எந்தக் குக்கர் விசில் அடிக்கவில்லை என்பது வரை எனக்கு அத்துப்படி. அதில் ஒன்றுகூட நான் அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.